கையில் வாள், தொழில் வேறு: கற்பனைச் சமூகத்துக்கு வாளாட்டம் தேடுபவருக்கு ஒரு பதில்

இரும்புத் தாது வெட்டிப் பிழைக்கும் ஒரு மலைச் சமூகத்தைக் கற்பனையில் படைத்து நாவல் எழுதிக்கொண்டிருப்பதாகவும், அவர்கள் ஆண்டுக்கொரு முறை ஆடும் வாளாட்டம் நம்பும்படி அமைய எந்த மரபு ஆட்டங்களைப் படிக்கலாம், எப்படிப் படிக்கலாம் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியோடு நீங்கள் இணைத்திருந்த பத்தியில், பரம்பரைப் போர்வீரர்கள் முழுநிலவில் வாளைச் சுழற்றி ஆடுகிறார்கள். அது முன்னோர் வென்ற போரின் நினைவு என்று ஒரு கிழவர் சிறுவனிடம் சொல்கிறார். பத்தி நன்றாகவே இருக்கிறது. அதில் நான் மாற்றச் சொல்லும் முதல் சொல் ‘போர்வீரர்கள்’ என்பதுதான்.

வாளேந்தி ஆடும் மரபுகளைத் தேடத் தொடங்கியவர்கள் விரைவிலேயே எதிர்கொள்ளும் வியப்பு இது. ஆடுபவர்களில் சுரங்கத் தொழிலாளர் இருக்கிறார்கள், மீனவர்கள் இருக்கிறார்கள், கத்தி செய்யும் கொல்லர்கள் இருக்கிறார்கள், நெசவாளர்கள் இருக்கிறார்கள், அரசவையில் ஆடிய பெண்கள் இருக்கிறார்கள். வாளால் பிழைத்தவர்கள் அவர்களிடையே ஒரு பகுதிதான். போர்க்களத்தில் வாள் பிடித்தவனுக்கு அது ஒரு கருவி. அதைப் பிடிக்கும் உரிமை பொதுவாக இல்லாதவனுக்குத்தான், ஆண்டில் ஒருநாள் அதை ஊரறியக் கையில் எடுப்பது ஒரு நிகழ்ச்சியாகிறது. ஆகவே உங்கள் மலைமக்களிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி எப்படி ஆடுகிறார்கள் என்பதன்று. மற்ற 364 நாளும் அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்பதாகும்.

இங்கிலாந்தின் வடகிழக்கில், நார்தம்பர்லாந்து, டர்ஹம் பகுதிகளின் நிலக்கரிச் சுரங்க ஊர்களில் வளர்ந்த ‘ராப்பர்’ ஆட்டத்திலிருந்து தொடங்குங்கள். உங்கள் மக்களும் மண்ணுக்கடியில் உழைப்பவர்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. கையிலிருக்கும் பொருளே ஆட்டத்தைத் தீர்மானிக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் ஆட்டம் எனக்குத் தெரிந்து வேறில்லை. பெயர்தான் வாளாட்டம். கையில் இருப்பது ஏறக்குறைய இரண்டடி நீளமுள்ள, கூர்மையற்ற, வில்லாக வளையும் ஸ்பிரிங் ஸ்டீல் பட்டை. அதன் இரு முனையிலும் கைப்பிடி உண்டு. ஒன்று அசையாதது, மற்றொன்று சுழலக்கூடியது. ஐந்து பேர் ஆடுகிறார்கள். ஒவ்வொருவரும் ஒரு கையில் தம்முடைய பட்டையையும் மறுகையில் அடுத்தவருடைய பட்டையின் எதிர்முனையையும் பற்றிக்கொள்ள, ஐவரும் ஒரே வளையமாகிவிடுகிறார்கள். பிறகு பெரும்பாலும் பிடியை விடாமலே பட்டைக்கு அடியில் நுழைகிறார்கள், அதைத் தாண்டுகிறார்கள், ஒருவரையொருவர் சுற்றி முறுக்கிக்கொண்டு அவிழ்கிறார்கள். சில குழுக்களில் நடுவில் இருப்பவர் பின்புறமாகக் குட்டிக்கரணமும் அடிப்பார். கடினமான அடித்தோல் கொண்ட காலணி விரைந்த இசைக்கு ஏற்பத் தரையில் தட்டிக்கொண்டே இருக்கும். மதுக்கடை ஒன்றில் நாலு மேசையை ஒதுக்கினால் கிடைக்கும் இடமே இதற்குப் போதும். கிறிஸ்துமஸ் காலத்தில் ஊர் ஊராகப் போய் ஆடிக் காசு வசூலிப்பார்கள். ஐவரோடு டாமி என்ற கோமாளியும், பெட்டி என்ற பெண்வேடமிட்ட ஆணும் சேர்ந்து வருவார்கள்.

ஆட்டத்தின் உச்சத்தை மட்டும் கொஞ்சம் அருகில் போய்ப் பாருங்கள். ஐவரும் நெருங்கி வருகிறார்கள், கைகள் குறுக்காகின்றன, ஒவ்வொரு பட்டையும் ஒன்றின் மேலும் அடுத்ததின் கீழுமாக, கூடை முடைவதுபோல, ஒன்றையொன்று கவ்விக்கொள்கிறது. சட்டென்று நால்வர் கையை எடுத்துவிட, ஒருவர் மட்டும் அந்தப் பின்னலை ஒரே கையால் தலைக்குமேல் தூக்கிக் காட்டுகிறார். ஐந்து முனை நட்சத்திரம். கட்டு இல்லை, ஆணி இல்லை, கழன்று விழுவதும் இல்லை; உருக்கின் இழுவிசையே அதைப் பிடித்து நிறுத்துகிறது. நட்சத்திரத்துக்கு ஐந்து முனை இருப்பதற்குத் தத்துவக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. ஆடியவர்கள் ஐவர், அவ்வளவுதான். ஆறு பேர் ஆடும் ஊரில் ஆறு முனை வருகிறது. உங்கள் மக்களின் கொடியிலோ கதவுநிலையிலோ ஒரு சின்னம் வேண்டுமென்றால் அதைத் தனியாக வரைந்து ஒட்டாதீர்கள். ஆடுவோர் எத்தனை பேர் என்பதை முடிவு செய்யுங்கள், சின்னம் தானாக வந்துவிடும்.

ராப்பர் பட்டை எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை பரவலாகச் சொல்லப்படுகிறது: சுரங்கத்துக்குள் கரிவண்டி இழுத்த மட்டக் குதிரைகளின் வியர்வையை வழித்தெடுக்கும் கருவியே இப்படி மாறியது என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம் கிடையாது. இவ்வளவு வளையும் உருக்கு எளியவர் கைக்கு எட்டும் விலையில் கிடைத்தது தொழிற்புரட்சிக்குப் பிறகுதான் என்பதால், இன்றைய வடிவம் அந்தக் காலத்துக்கு முந்தியதாக இருக்க முடியாது என்பதே ஆராய்ந்தவர்களின் கருத்து. கதையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. தொழிலாளர் தங்கள் ஆட்டத்துக்கு ஓர் அரசனையோ தெய்வத்தையோ மூலமாகச் சொல்லாமல், தங்களோடு இருட்டில் உழைத்த ஒரு விலங்கைச் சொன்னார்கள் என்பது அவர்களைப் பற்றி எவ்வளவோ சொல்கிறது.

இதற்குத் தெற்கே யார்க்‌ஷயரில் நீள்வாளாட்டம் இருக்கிறது. அங்கே வளையாத உலோக வாளோ மர வாளோ பயன்படுகிறது. ஆறு அல்லது எட்டுப் பேர் ஆடுகிறார்கள். வாள் வளையாது என்பதால் வளையம் பெரிதாகிறது, நடை நிதானமாகிறது. கத்திக்கும் கத்தரிக்கோலுக்கும் பேர்போன ஷெஃபீல்டை ஒட்டிய கிரெனோசைட், ஹேண்ட்ஸ்வொர்த் ஆகிய இரண்டு ஊர்களிலும் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆடுவது இன்றும் தொடர்கிறது. ஃபிளாம்பரோவில் மீனவர்கள் தங்கள் கம்பளிச் சட்டையோடு மர வாள் ஏந்தி ஆடினார்கள். கிரெனோசைட்டில் முதலில் ஒரு தலைவர் வருவார். தலையில் மயிர்த்தோல் தொப்பி. அவர் மண்டியிட, அறுவரும் அவர் கழுத்தைச் சுற்றி வாள்களைப் பின்னுவார்கள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் வாளை உருவ, தொப்பி பறந்துபோகும். தலை போனதாக அர்த்தம்.

இந்தக் காட்சியைப் பார்த்தவுடன் யாருக்கும் நரபலி நினைவுக்கு வரும். 1911 முதல் 1913 வரை மூன்று தொகுதிகளாக இந்த ஆட்டங்களைப் பதிவு செய்த செசில் ஷார்ப்புக்கும் அப்படித்தான் வந்தது. தொல்சமயப் பலிச்சடங்கின் எச்சமே இது என்று அவர் எழுதினார். தொல்சமயச் சடங்குகளை ஒப்பிட்டு ஃபிரேசர் 1890இல் வெளியிட்ட ‘பொற்கிளை’ என்ற நூலைப் படித்த தலைமுறைக்கு அந்த விளக்கம் இயல்பாகத் தோன்றியது. பழமைக்குச் சான்றாக ரோம எழுத்தாளர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியரைப் பற்றி எழுதிய குறிப்பையும் காட்டுவார்கள்: ஆடையற்ற இளைஞர்கள் வாள்களுக்கும் ஈட்டிகளுக்கும் நடுவே துள்ளி ஆடினார்கள் என்கிறது அது. ஆனால் அந்தக் குறிப்புக்கும், வாளைப் பிணைத்து ஆடும் ஆட்டம் 14ஆம் நூற்றாண்டில் ஃபிளாண்டர்ஸ், ஜெர்மானிய நகரங்களின் ஆவணங்களில் தென்படத் தொடங்குவதற்கும் இடையே ஆயிரத்து இருநூறு ஆண்டு மௌனம் இருக்கிறது. பிற்கால ஆய்வாளர்கள் அந்த மௌனத்தை மௌனமாகவே ஏற்றுக்கொண்டார்கள். காட்டு வழிபாட்டைத் தேடாமல் நகரத்துக் கைவினைஞர் சங்கங்களின் கணக்கேடுகளைத் தேடினார்கள். கிடைத்ததும் அதுவே. நியூரம்பர்க் நகரில் கத்தி செய்வோர் தவக்காலத்துக்கு முந்திய களியாட்ட நாட்களில் நகரசபையின் அனுமதியோடு ஆடினார்கள். 1600இல் அவர்கள் ஆடியதைக் காட்டும் ஓவியத்தில், பின்னிய வாள்களே ஒரு பலகைபோல் உயர்ந்திருக்க, அதன்மேல் ஒருவர் நிற்கிறார். தாங்கள் செய்த சரக்கின் உறுதிக்கு இதைவிட நல்ல விளம்பரம் இருந்திருக்க முடியாது என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

உங்கள் நாவலுக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, ஓர் ஆட்டத்துக்கு இரண்டு வரலாறு உண்டு என்பதுதான். நடந்தது ஒன்று, ஆடுபவர்கள் சொல்லிக்கொள்வது ஒன்று. கற்பனைச் சமூகங்களைப் படைப்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதை மட்டும் எழுதி, அதையே உண்மையாக்கிவிடுகிறார்கள். கிழவர் சொன்னால் அது நடந்துதான் இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. உங்கள் கிழவர் வென்ற போரைப் பற்றிச் சொல்லட்டும். ஆனால் இரண்டு தலைமுறைக்கு முன் தாதுவின் விலை விழுந்தபோது, சமவெளி வீடுகளின் வாசலில் ஆடிக் கஞ்சிக்கு வாங்கித் தின்றதுதான் உண்மையான தொடக்கம் என்பதும், அதைச் சொல்லக் கூசித்தான் போர் வந்தது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். நாவலில் சொல்லாவிட்டாலும், ஆட்டம் முடிந்ததும் ஒருவன் தன்னையறியாமல் தொப்பியை நீட்டும் அசைவில் அது தெரியும்.

பிணைப்பாட்டத்தை விட்டு மோதலாட்டத்துக்கு வருவோம். குரோவேஷியாவின் கோர்ச்சுலா தீவில் ஆடப்படும் ‘மொரேஷ்கா’ இவ்வகையில் புகழ்பெற்றது. கறுப்பரசன் கவர்ந்து சென்ற ஒரு பெண்ணுக்காக இரண்டு படைகள் மோதுகின்றன. இரு படையினரும் வாளோடு வாள் உரசிப் பொறி பறக்க ஆடுகிறார்கள். ஜூலை 29, புனித தியோடோர் நாள், அதற்கு உரிய நாள். இப்போது கோடையில் சுற்றுலாப் பயணிகளுக்காக வாரந்தோறும் ஆடுகிறார்கள். இதில் எனக்குப் பிடித்த செய்தி, வெள்ளையரசனும் அவன் படையும் அணிவது சிவப்பு உடை. பெயரும் நிறமும் பொருந்தவில்லை. அந்த ஊர்க்காரர் எவருக்கும் அது உறுத்துவதில்லை. கற்பனையில் செய்த மரபுகளில் இப்படி ஒரு பொருத்தமின்மை அநேகமாக இருக்காது, எல்லாம் எல்லாவற்றோடும் கச்சிதமாகப் பொருந்தும். செய்தவர் ஒருவரே என்பது அதிலேயே காட்டிக்கொடுத்துவிடும். ஜார்ஜியாவின் கெவ்சுரேத்தி மலையவர் ஆட்டத்தில் சிறு கேடயமும் வாளுமாக மோதும் ஆண்களுக்கு நடுவே ஒரு பெண் தன் தலைத்துணியை வீசினால் சண்டை நின்றுவிட வேண்டும். துருக்கியின் பூர்சா நகரத்து வாள்‑கேடய ஆட்டத்தில் இசைக்கருவியே கிடையாது; வாள் கேடயத்தில் விழும் ஓசைதான் தாளம். ஸ்காட்லாந்தில் தரையில் குறுக்காகக் கிடத்திய இரு வாளின் இடைவெளிகளில் ஒருவர் தனியாகக் குதித்தாடுகிறார்; வாளில் கால் பட்டு அது நகர்ந்தால் போட்டியில் தகுதி போய்விடும். ஒலி எதிலிருந்து வருகிறது, நிறுத்தும் அதிகாரம் யாரிடம், தவறினால் என்ன விலை என்ற மூன்றையும் இந்த மூன்று ஆட்டங்களிடமும் தனித்தனியே கற்றுக்கொள்ளலாம்.

சீனாவிலிருந்து ஒரே ஒரு விருந்தைச் சொல்கிறேன், அது நாவலாசிரியர்களுக்கென்றே நடந்தது போலிருக்கும். கி.மு. 206இல் ஹோங்மென் பாசறையில் ஷியாங் யூ தன் போட்டியாளன் லியூ பாங்குக்கு விருந்து வைக்கிறான். அவனைக் கொன்றுவிடும்படி ஆலோசகர் தம் இடுப்பிலிருந்த பச்சைக்கல் அணியை மூன்று முறை உயர்த்திச் சைகை காட்டியும் ஷியாங் யூ அசையவில்லை. உடனே ஆலோசகர் வெளியே போய், ஷியாங் ஜுவாங் என்ற உறவினனை அனுப்புகிறார். அவன் உள்ளே வந்து, பாசறையில் கேளிக்கைக்கு ஒன்றுமில்லை, வாளாட அனுமதி வேண்டும் என்கிறான். ஆடுகிறான், ஒவ்வொரு சுற்றிலும் வாள்முனை விருந்தாளியை நெருங்குகிறது. இதைப் புரிந்துகொண்ட, ஷியாங் யூவின் சிற்றப்பனான ஷியாங் போ தானும் வாளை உருவிக்கொண்டு எழுந்து ஆடத் தொடங்கி, தன் உடலையே சிறகுபோல் விரித்து விருந்தாளியை மறைக்கிறான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஆட்டத்தின் இலக்கணம் அவையில் உள்ள அத்தனை பேருக்கும் தெரிந்திருந்தால்தான், எந்த அடி இலக்கணத்தை மீறிய அடி என்பது அவர்களுக்குப் புரியும். ஆகவே உங்கள் கதையில் வாளாட்டத்தின் நடுவே ஒரு கொலையோ துரோகமோ நிகழப்போகிறதென்றால், அதற்கு முன்பே வாசகர் அந்த ஆட்டத்தை ஒருமுறையாவது முழுதாக, விபத்தில்லாமல் பார்த்திருக்க வேண்டும்.

கொரியாவிலும் இதையொத்த ஒரு பழங்கதை உண்டு. சில்லா நாட்டுச் சிறுவன் ஹ்வாங்சாங் பகைநாடான பெக்ஜேயில் வாளாடிப் பெயர் பெற்று, அரசன் முன் ஆட அழைக்கப்பட்டு, ஆடும்போதே அரசனைக் குத்திக் கொன்று, தானும் கொல்லப்பட்டான். சில்லா மக்கள் அவன் முகத்தைப் போல் முகமூடி செய்து அணிந்து அந்த ஆட்டத்தை ஆடினார்கள் என்பது கதை. ஆனால் பிற்காலத்தில் அந்த ஆட்டம் போனது கிசெங் எனப்பட்ட அரசவைப் பெண் கலைஞர்களிடம். முகமூடி போயிற்று, கொலை போயிற்று, நடை தளர்ந்து அழகானது. 1967இல் கொரிய அரசு பாதுகாக்கப்பட வேண்டிய கலையாக அறிவித்த ஜின்ஜு வாளாட்டம் எட்டுப் பெண்கள் ஆடுவது. ஒரே ஆட்டம் கை மாறும்போது என்னவெல்லாம் உதிர்கிறது என்று பார்க்க இது நல்ல இடம். உங்கள் மக்களிடையேயும் ஆட்டம் ஒருமுறையாவது கை மாறியிருக்கட்டும்.

வீரர்களே ஆடிய மரபுகளை ஒதுக்கிவிடக் கூடாது. அரபுத் தீபகற்பத்தின் நஜ்து பகுதியில் ‘அர்தா’ என்னும் ஆட்டத்தில் ஆண்கள் தோளோடு தோள் சேர்ந்து எதிரெதிராக இரண்டு வரிசையில் நின்று, பறையொலிக்கும் கவிஞர் தரும் அடிகளுக்கும் ஏற்ப வாளை உயர்த்தி இறக்குகிறார்கள். யுனெஸ்கோ 2015இல் இதைத் தன் பட்டியலில் சேர்த்தது. அசைவு மிகக் குறைவு, அதுவே அதன் கனம். கேரளத்தின் அம்பலப்புழை கிருஷ்ணன் கோயிலோடு இணைந்த வேலகளி, செம்பகச்சேரி அரசின் நாயர் படைப்பயிற்சியிலிருந்து வந்தது. வண்ணக் கேடயத்தோடு அணிவகுத்து ஆடுபவர்கள் இப்போது தெய்வத்தின் முன் ஆடுகிறார்கள், ஆணையிட்ட அரசு 18ஆம் நூற்றாண்டிலேயே திருவிதாங்கூரில் கரைந்துவிட்டது. படை போனபின்னும் பயிற்சி மிஞ்சியிருப்பதுதான் அந்த ஆட்டம்.

நம்முடைய பழம்பரப்பிலும் ஒன்று உண்டு. தமிழில் எழுதும் நீங்கள் அதை அறியாமல் இருக்கக் கூடாது. தொல்காப்பியப் புறத்திணையியல், நேருக்கு நேர் பொரும் போரைப் பாடும் தும்பைத் திணையின் துறைகளுள் ஒன்றாக, ‘களிற்றொடு பட்ட வேந்தனை அட்ட வேந்தன் வாளோர் ஆடும் அமலை’ என்பதைச் சொல்கிறது. யானையோடு வீழ்ந்து கிடக்கும் பகை அரசனைச் சூழ்ந்து, வென்றவனின் வாள்வீரர்கள் ஆடுவது. புறப்பொருள் வெண்பாமாலை இதை ஒள்வாள் அமலை என்கிறது. அமலை என்றால் ஆரவாரம், திரட்சி. சோற்றுத் திரளைக்கும் அதே சொல்தான். கூட்டமாக மொய்த்து, கூச்சலிட்டு, வீழ்ந்தவனைச் சுற்றி ஆடியிருக்கிறார்கள் என்பது அந்தப் பெயரிலிருந்தே தெரிகிறது. அடவு எதுவும் நமக்கு மிஞ்சவில்லை. ஆனால் நடுவில் இருப்பது என்ன என்ற கேள்வியை இது கூர்மையாக்குகிறது. கிரெனோசைட்டில் நடுவில் பொய்யாகச் சாகும் தலைவர், இங்கே மெய்யாகவே செத்த வேந்தன். உங்கள் ஆட்டத்தின் வட்டத்துக்கு நடுவில் யார்? உங்கள் பத்தியில் அந்த இடம் காலியாக இருக்கிறது.

நெசவாளர் கையில் வாள் இருப்பதைக் காண வெகுதூரம் போக வேண்டாம். கோயம்புத்தூரில் தேவாங்கர் சமூகத்தார் தங்கள் குலதெய்வமான சௌடேஸ்வரி அம்மனை விஜயதசமியன்று ஊர்வலமாக அழைத்து வரும்போது, வீரகுமாரர்கள் எனப்படும் இளைஞர்கள் இரு கையிலும் கத்தி ஏந்தி, தாளத்துக்கு ஆடியபடி, ‘வேசுக்கோ தாயே, தீசுக்கோ தாயே’ என்று கூவிக்கொண்டு தங்கள் மார்பிலும் கைகளிலும் கீறிக்கொள்கிறார்கள். வர மறுத்த அம்மனை வரவழைக்க முன்னோர் செய்ததாக அவர்கள் சொல்லும் வழக்கம் இது. கத்தி போடுதல் என்றே பெயர். காயத்தில் உடனுக்குடன் மஞ்சள் கலந்த பொடியைப் பூசுவார்கள். நான் ஒருமுறை நெருக்கத்தில் நின்று பார்த்தபோது, கத்தியைவிட என் கண் நின்றது பொடி தூவுகிறவர் மேல்தான். அவருக்கு ஆட்டமில்லை, கூவலில்லை. மடியில் பொடியோடு ஒவ்வொரு இளைஞனின் பக்கத்திலும் அரையடி பின்னால், அவன் காலடிக்கு ஏற்பத் தானும் அடி வைத்து நகர்ந்துகொண்டிருந்தார். எந்த விவரிப்பிலும் அவர் வருவதில்லை; அவர் இல்லாமல் இந்த வழிபாடு ஒரு தெருவைக்கூடத் தாண்டாது. ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்: இது நேர்த்திக்கடன், கலை நிகழ்ச்சி அன்று. இதன் சொற்களையோ தெய்வத்தையோ எடுத்து வேறு பெயரிட்டு உங்கள் மலையில் நட்டுவிடக் கூடாது. எடுக்கத் தக்கது அதன் உறவுமுறை. வாள் பிடிப்பவனோடு எப்போதும் வாள் பிடிக்காத ஒருவர் நடக்கிறார் என்பது.

உயிரோடிருக்கும் மரபுகளுக்குள் சண்டையும் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் மாரிஸ் என்னும் நாட்டார் ஆட்டத்தை ஆடுபவர்களிடையே முகத்தில் கறுப்புப் பூசிக்கொள்ளும் வழக்கம் இருந்தது. அது மாறுவேடம்தான் என்று ஒரு சாராரும், கறுப்பின மக்களை இழிவுபடுத்திய மேடை வழக்கத்தோடு தொடர்புடையது என்று மற்றொரு சாராரும் நெடுங்காலம் வாதிட்டு, 2020இல் அவர்களின் கூட்டமைப்புகள் முழுமுகக் கறுப்புப் பூச்சைக் கைவிடுவதென்று முடிவு செய்தன. எல்லோரும் ஒரே மனதாக ஆடும் மரபு எங்கும் இல்லை. உங்கள் ஊரிலும், போன ஆண்டு ஆடியது சரியில்லை என்று சொல்லும் ஒரு வீடு வேண்டும்.

இனிப் படிக்கும் முறை. பழைய படச்சுருள்களும் இன்றைய காணொளிகளும் ஏராளமாகக் கிடைக்கின்றன. ஆனால் முதல் முறை பார்க்கும்போது வாளையே பார்ப்பீர்கள், அதைத் தவிர்க்க முடியாது. இரண்டாம் முறை காலை மட்டும் பாருங்கள். மூன்றாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு, யார் யாரைப் பார்த்து அடுத்த அசைவுக்கு மாறுகிறார் என்று கவனியுங்கள். நான்காம் முறை பின்னணியில் நிற்கும் கூட்டத்தை, குறிப்பாகப் பழைய ஆட்டக்காரர்களின் முகத்தை. ஷார்ப் போன்றோர் எழுதி வைத்த அசைவுக் குறிப்புகளை அதற்குப் பின் படித்தால் விளங்கும். முன்னதாகப் படித்தால் வீட்டு வரைபடத்தை மட்டும் பார்த்து அந்த வீட்டில் குடியிருந்ததாக நினைப்பது போலாகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம், ஒருமுறை உடம்பால் செய்து பார்ப்பது. சில ஆண்டுகளுக்கு முன் நானும் நண்பர்கள் நால்வரும் மூன்றடி மூங்கில் பிளாச்சுகள் ஐந்தை இழைத்து முனை மழுக்கிக்கொண்டு ஒரு மொட்டைமாடியில் முயன்றோம். வளையம் போட்டு நடப்பது எளிது. முதல் ஆள் பிளாச்சுக்கு அடியில் நுழைந்து திரும்பியபோதே ஐவரும் முடிச்சாகிவிட்டோம். ஒருவர் மூக்குக்கண்ணாடி அடுத்தவர் முழங்கையில் மாட்டிக்கொண்டது. பின்னலைக் கட்ட முக்கால் மணி நேரமாயிற்று. ஆனால் அந்த முக்கால் மணியில் எந்தப் புத்தகமும் சொல்லாத இரண்டு செய்தி தெரிந்தது. ஒன்று, உள்ளே இருப்பவர் நட்சத்திரத்தைப் பார்ப்பதே இல்லை. அவருக்குத் தெரிவது பக்கத்தில் இருப்பவரின் கழுத்து வியர்வையும் கட்டைவிரலும்தான். இரண்டு, கண்ணால் பின்தொடர முடியாத ஆட்டம் இது, இழுப்பால்தான் பின்தொடர வேண்டும். இடக்கையில் பிளாச்சு இறுகினால் நகர வேண்டும், தளர்ந்தால் நிற்க வேண்டும். கயிற்றில் கட்டிக் கிணற்றில் இறங்கியவர்களும் சுரங்கத்தில் வேலை செய்தவர்களும் இந்த மொழியை முன்பே அறிந்திருப்பார்கள் என்று அன்று தோன்றியது.

உங்கள் பத்தி வெளியில் நின்று பார்ப்பவரின் கண்ணால் எழுதப்பட்டிருக்கிறது. நிலவு, மின்னும் வாள், சுழலும் உருவங்கள். சிறுவனை வளையத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தி, அவன் இடக்கையில் தெரியும் இழுப்பிலிருந்து எழுதிப் பாருங்கள். அவர்கள் வெட்டுவது இரும்பு என்றால், பட்டை எந்த உலையில் அடித்தது, விற்கத் தகாத எந்த மட்ட இரும்பில் செய்தது, அது வளையுமா உடையுமா என்பதை முதலில் தீர்மானித்துவிடுங்கள். வளையும் இரும்பு அவர்களுக்குக் கிடைக்காத காலம் ஒன்று இருந்திருந்தால், அந்தக் காலத்து ஆட்டம் பெரிய வட்டத்தில் நிதானமாக நடந்திருக்கும், கிழவர்கள் இன்னமும் அதைத்தான் உயர்வாகச் சொல்வார்கள்.

உங்கள் குறிப்பில் ஆடுபவர்கள் ஐவர் என்றும், அவர்கள் ஒரே சுரங்கப் பொந்தில் ஒன்றாக வேலை செய்பவர்கள் என்றும் இருக்கிறது. அப்படியானால் இதையும் பிளாச்சுகளை வைத்துச் செய்து பாருங்கள்: ஐவரில் ஒருவர் இல்லாவிட்டால், மிஞ்சிய நான்கு பட்டைகளைக் கொண்டும் பின்னல் போடலாம். நால்வரும் கைவிடாமல் பிடித்திருக்கும் வரை நிற்கும். ஆனால் நட்சத்திரம் வராது. இரண்டு கோடு குறுக்கே இரண்டு கோடாக, நடுவில் ஒரு சதுரம் விழும். பொந்து இடிந்த ஆண்டில் அந்தக் குழு ஆட வரும்போது யாரும் எதுவும் அறிவிக்க வேண்டியதில்லை. தலைக்குமேல் சதுரம் உயரும். மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு அது வேறொரு கோலம், அவ்வளவுதான்.